குளுயினோ 2.3 டிஈவி வரை இல்லையாம், அப்போ சுப்பர்சிமெற்றி முடிந்த கதையா?

வெள்ளவத்தைத் தம்பி:
வணக்கம். கொழும்பில் பௌதிகவியல் விசேட பட்டம் படிக்கிறேன், கடைசி வருடம். சுப்பர்சிமெற்றியில் (தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஒரு கூட்டாளித் துகள் உண்டு என்ற கோட்பாடு) ஆய்வு செய்யலாமா என்று கேட்டதற்கு விரிவுரையாளர் ஒருவர் "அது செத்துப் போச்சு, வேறு ஏதும் பாரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். செர்ன் மோதுகருவியில் உள்ள அற்லஸ் பரிசோதனையின் கட்டுரையைப் பார்த்தால் குளுயினோ (குளுவனின் கூட்டாளி) 2.3 டிஈவி, அதாவது 2300 ஜிஈவி, திணிவு வரை இல்லையென்று விலக்கப்பட்டுவிட்டது, ஆனால் ஹிக்சினோவுக்கு (ஹிக்ஸின் கூட்டாளி) 200 ஜிஈவியைத் தாண்டவே திணறுகிறார்கள். ஒரே இயந்திரம், ஒரே தரவு, ஏன் இவ்வளவு வித்தியாசம்? இங்கே இருந்துகொண்டு இதில் உருப்படியாக ஏதும் செய்யத்தான் முடியுமா?

தெஹிவளை அக்கா:
தம்பி, அந்த 2.3ஐப் பிடித்துக்கொண்டு நிற்காதீர். கட்டுரையில் விலக்கல் எல்லையைக் காட்டும் படத்தின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் இருப்பதை வாசியும்: குளுயினோ எப்போதுமே இரண்டு குவாக்கும் ஒரு நியூட்ராலினோவுமாகத்தான் (டிடெக்டரில் பிடிபடாத நடுநிலைக் கூட்டாளித் துகள்) சிதையும் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். 2.3 என்பது அந்த நியூட்ராலினோவுக்குத் திணிவே இல்லாத பக்கத்தில் கிடைக்கும் எண். அதன் திணிவைக் கூட்டிக்கொண்டு போனால் அந்த எல்லைக் கோடு சரசரவென்று இறங்கும்.

வித்தியாசத்துக்கு வருவோம். குளுயினோ வலிமையான விசையால் உருவாவது. 2 டிஈவி குளுயினோ சோடிக்கு 13 டிஈவி மோதலில் குறுக்குவெட்டு, அதாவது உருவாகும் வாய்ப்பின் அளவு, ஏறத்தாழ 1 ஃபெம்ற்றோபான். 2015 முதல் 2018 வரை அற்லஸ் சேர்த்த 139 நேர்மாறு ஃபெம்ற்றோபான் தரவோடு அதைப் பெருக்கிப் பார்த்தால் 140 சோடி அளவில் உருவாகியிருக்க வேண்டும், ஒவ்வொன்றும் கனமான ஜெற்களோடும் (துகள் தாரைகள்) பிடிபடாத துகள்கள் கொண்டுபோகும் பெரிய காணாமற்போன குறுக்கு உந்தத்தோடும், அதனால் மறைய வழியில்லை. ஹிக்சினோ மென்விசையால்தான் உருவாகும், அதைவிடப் பெரிய தலைவலி, அதன் கூட்டாளிகளுக்கிடையே திணிவு வித்தியாசம் சில ஜிஈவிதான் இருக்கும், வெளியே வரும் இலத்திரனும் மியூவனும் டிடெக்டருக்கே சரியாகத் தெரியாத அளவுக்குச் சோர்ந்துபோய் வரும். முன்கூட்டியே ஒரு ஜெற் எதிர்ப்பக்கம் தெறித்து முழுச் சோடியையும் தள்ளிவிட்டால்தான் எதையாவது பார்க்கலாம்.

பின்னணியை, அதாவது சுப்பர்சிமெற்றி போலவே தோன்றும் சாதாரண நிகழ்வுகளை, கணிப்பதுதான் இதில் எனக்குப் பிடித்த வேலை. இசட் போசன் நியூத்திரினோ சோடியாகச் சிதைந்தால் அதுவும் அச்சொட்டாக சுப்பர்சிமெற்றி போலத்தான் இருக்கும். அதனால் இசட் இரண்டு மியூவனாகச் சிதைந்த நிகழ்வுகளை எடுத்து, அந்த மியூவன்களை வேண்டுமென்றே அழித்துவிட்டு, காணாமற்போன உந்தத்தைத் திரும்பக் கணிக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனைச் சந்தேகி:
அக்கா சொன்னது சரி, ஆனாலும் விரிவுரையாளர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆட்டத்தைக் குழப்பியது ஹிக்ஸ்தான். 2012 ஜூலை 4 அன்று அறிவித்தபோது திணிவு 125 ஜிஈவி அளவில் வந்தது. மிக எளிய சுப்பர்சிமெற்றி மாதிரியில் குவாண்டம் திருத்தங்களைச் சேர்க்காவிட்டால் ஹிக்ஸ் இசட்டின் 91 ஜிஈவியைத் தாண்டாது, 125க்கு இழுக்க ஸ்ரொப் (ரொப் குவாக்கின் கூட்டாளி) பாரமாக இருக்க வேண்டும். ஆனால் ஹிக்ஸ் திணிவு ஏன் இவ்வளவு சின்னது என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தானே இந்தக் கோட்பாட்டையே கொண்டுவந்தார்கள், அதற்கு ஸ்ரொப் இலேசாக இருக்க வேண்டும். இரண்டும் எப்படி? "மோதுகருவியின் அடுத்த ஓட்டத்தில் வரும்" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஆனால் செத்துப் போச்சு என்பது கொஞ்சம் அதிகம்தான். இலேசான ஹிக்சினோ இருந்தால் அது இன்னும் பிடிபடாமல் நிற்க இடம் தாராளமாக இருக்கிறது.

பம்பலப்பிட்டி:
கோட்பாட்டுச் சண்டை ஒருபக்கம் இருக்கட்டும். செர்ன் 2014 இலேயே அற்லஸைப் போன்ற இன்னொரு பரிசோதனையான சிஎம்எஸ்ஸின் தரவைத் திறந்துவிட்டது. அற்லஸ் 2024 ஜூலையில் 2015, 2016 ஆண்டுகளின் 13 டிஈவி தரவை ஆய்வுக்கே வெளியிட்டது, 65 டெராபைட். அக்கா சொன்ன மியூவன் அழிப்பையே இறுதி வருட ஆய்வாக எடும்: நிஜத் தரவில் அழித்துப் பார்த்து, வருவதை நியூத்திரினோ சிமுலேசனோடு ஒப்பிடும். சுப்பர்சிமெற்றி உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஆய்வு வீண்போகாது.

வெள்ளவத்தைத் தம்பி:
நன்றி அண்ணா. என் லப்ரொப்பில் 8 ஜிபிதான் இருக்கிறது, காணுமா?

பம்பலப்பிட்டி:
தாராளமாகக் காணும். கற்பித்தலுக்கென்று 2020இல் விட்ட சின்னத் தொகுப்பில் தொடங்கும், அதுவும் 13 டிஈவிதான். கோப்புகளை இரவு டேற்றாவில் போட்டுவிட்டுப் படும். அந்த 65 டெராபைட்டை மட்டும் அறைக்கு இறக்கப் போகாதீர்.