உள்நுழைந்ததும் சாளரங்கள் பழைய இடத்துக்கே வரவேண்டும்: யார் பொறுப்பு?

இரட்டைத்திரை:
மொழிபெயர்ப்பு என் தொழில். காலையில் எனக்கு இடது திரையில் மூலக் கோப்பு, அதன் கீழே அகராதி, வலது திரை நிறைய லிப்ரே ஆபிஸ், இரண்டாவது பணியிடத்தில் (மாற்றிப் பார்க்கும் இன்னொரு மெய்நிகர் மேசையில்) மின்னஞ்சலும் கட்டளை தட்டும் டெர்மினல் சாளரங்கள் இரண்டும் வேண்டும். ஆறையும் இழுத்து வைப்பதற்குள் காபி ஆறிப்போகிறது. லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய முறையான எக்ஸ்11 அமர்வில் இருந்தவரை, என் மேசைத்தளமான பிளாஸ்மா இதைப் பெரும்பாலும் தானே செய்துகொடுத்தது. அதற்கு மாற்றாக வந்த வேலண்டுக்கு மாறினேன். நிரல்கள் திறக்கத்தான் செய்கின்றன. ஆனால் பந்தியில் இலை கிடைக்காதவர்களைப் போல ஒரே இடத்தில் குவிந்து நிற்கின்றன. அமர்வு மேலாண்மைக்கென்று, அதாவது திறந்திருந்த நிரல்களை அடுத்த உள்நுழைவில் மீட்பதற்கென்று, ஒரு நெறிமுறை 1994-இலேயே, எக்ஸ்11-இன் ஆறாம் வெளியீட்டோடு வந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, இருந்ததையும் தொலைத்துவிட்டோம். இது மேசைத்தளத்தின் கடமை இல்லையா?

வெறும்பலகை:
இல்லை. அந்த 1994 நெறிமுறையை அவ்வளவு புகழ வேண்டாம். ஒவ்வொரு நிரலும் தன்னை மீண்டும் தொடங்குவதற்கான கட்டளையைத் தானே அமர்வு மேலாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஒப்படைக்காத நிரல்கள் ஏராளம். ஒப்படைத்தவற்றிலும் திரும்பி வந்தது என்ன? டெர்மினல் சரியான மூலையில் வந்து உட்காரும். அதற்குள் ஓடிக்கொண்டிருந்த கட்டளை போயிருக்கும், தொலைக் கணினி இணைப்பும் அறுந்திருக்கும். கூடு வரும், உயிர் வராது. நான் எப்போதும் காலி அமர்வில்தான் தொடங்குகிறேன். நேற்றைய குப்பை நேற்றோடு போகட்டும்.

நாற்பதுவரி:
இதற்கு ஏன் இத்தனை புலம்பல்? வெளியேறும் முன் டபிள்யூஎம்சிடிஆர்எல் கருவியால் சாளரங்களின் இடத்தையும் அளவையும் ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். உள்நுழைந்ததும் அதைப் படித்து ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். தானியங்கித் தொடக்க அடைவில் ஒரு கோப்பு போதும். என் ஸ்கிரிப்ட் நாற்பது வரிதான்.

இரட்டைத்திரை:
நாற்பது வரியை நானும் எழுதியிருக்கிறேன், ஐயா. படிக்கும்போது கிடைக்கும் எண் சாளரத்தின் உட்பகுதிக்கு, நகர்த்தும்போது கொடுக்கும் எண் வெளிச்சட்டத்துக்கு என்று ஆகிவிட்டால், தலைப்புப் பட்டையின் உயரம் அளவுக்குச் சாளரம் தினமும் கீழே சரியும். ஒரு வாரத்தில் அகராதி திரைக்கு அடியில் போய்விட்டது. பிறகு, நிரல் திறக்கும்வரை காத்திருக்க ஐந்து விநாடி வைத்தேன். சில நாள் அது ஏழு விநாடி எடுத்துக்கொண்டது. இரண்டாவது திரையைக் கணினி கண்டுகொள்ளும் முன்பே ஸ்கிரிப்ட் ஓடி முடிந்த நாட்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலண்டில் இயல்பாக ஓடும் சாளரங்கள் அந்தக் கருவியின் கண்ணில் படுவதே இல்லை.

தூங்குமூஞ்சி:
நான் கணினியை அணைப்பதே இல்லை. மூடியைச் சாத்தினால் உறக்கம், நீண்ட பயணமென்றால் ஹைபர்னேட், அதாவது நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு அணைவது. சாளரம், டெர்மினல், உள்ளே ஓடும் கட்டளை என்று எல்லாம் அப்படியே எழுந்து வருகின்றன. வெறும்பலகை கேட்ட உயிரும் வந்துவிட்டது.

வெறும்பலகை:
இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்கு மேம்படுத்தல் வரும் அன்று என்ன செய்வீர்கள்? மறுதொடக்கம் செய்தே ஆகவேண்டும். ஹைபர்னேட்டுக்கு வட்டில் ஸ்வாப் இடம் தாராளமாக வேண்டும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினிகள் பலவற்றில் கெர்னலே அதைத் தடுத்துவிடுகிறது. உபுண்டு லினக்ஸ் 12.04 பதிப்பிலிருந்து அதை இயல்பாகத் தருவதுமில்லை. கேட்ட கேள்வி உள்நுழைவைப் பற்றியது. நீங்கள் வெளியேறாமல் இருப்பதைப் பற்றிச் சொல்கிறீர்கள்.

கட்டம்கட்டி:
மூல விஷயத்தை யாரும் தொடவில்லை. வேலண்டில் ஒரு சாதாரண நிரலுக்குத் தான் திரையில் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. இங்கே வைத்துவிடு என்று கேட்கவும் வழியில்லை. இது மறதியால் விட்டுப்போனதல்ல, வேண்டுமென்றே செய்தது. இடம் ஒதுக்குவது, எல்லாச் சாளரங்களையும் சேர்த்துத் திரையில் காட்டும் கம்போசிட்டரின் வேலை. ஆகவே நினைவும் அங்கேதான் இருக்க முடியும். பிளாஸ்மா 6.1, 2024 ஜூனில், திறந்திருந்த நிரல்களை வேலண்டிலும் மீண்டும் திறக்கத் தொடங்கியது. அது முழுமையான வேலை அல்ல என்று அவர்களே அறிவித்தார்கள். இடத்துக்கு அதே பிளாஸ்மாவில் சாளர விதிகள் இருக்கின்றன: 'நினைவில் கொள்', 'தொடக்கத்தில் மட்டும்', 'கட்டாயப்படுத்து'. வேலண்டிலும் வேலை செய்கின்றன. ஸ்வே என்ற கம்போசிட்டரில் ஒரு நிரலை ஒரு பணியிடத்துக்கு ஒதுக்க ஒரு வரி போதும். க்னோம் மேசைத்தளத்தில் அதற்கு ஒரு நீட்சி உண்டு, ஆனால் பணியிடத்தை மட்டுமே பார்க்கும். திரையில் எந்த மூலை என்பது அதற்குக் கணக்கில்லை.

இரட்டைத்திரை:
டெர்மினல் இரண்டு இருக்கிறதே? விதிக்கு இரண்டும் ஒன்றுதான்.

கட்டம்கட்டி:
தலைப்பைக் கொடுத்துத் தொடங்குங்கள். ஒன்றுக்கு 'பதிவு', மற்றதற்கு 'சேவையகம்'. விதி தலைப்பையும் பொருத்திப் பார்க்கும்.

வெறும்பலகை:
பாருங்கள், நீங்கள் சொல்வது மீட்பே அல்ல. அகராதிக்கு இந்த மூலை என்று மனிதன் ஒருமுறை முடிவு செய்கிறான், கணினி அதன்படி நடக்கிறது. இதற்கு நான் என்றைக்கும் எதிரி இல்லை. நேற்று கைபோன போக்கில் கிடந்ததையெல்லாம் இன்று கொண்டுவந்து கொட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். சேமித்த அமர்வு கெட்டுப்போய் ஒவ்வொரு உள்நுழைவிலும் தொல்லை தந்தால், எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தின் பயனருக்குச் சொல்லும் முதல் மருந்தே அந்த அமர்வுக் கோப்புகளை அழித்துவிடுங்கள் என்பதுதானே?

இரட்டைத்திரை:
அங்கேதான் நாம் பிரிகிறோம். என் மேசை வேலைக்கு வேலை மாறும். ஒப்பந்தம் பெயர்க்கும் வாரத்தில் மூலமும் பெயர்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். நாவல் என்றால் மூலம் ஒரு திரை முழுக்க. அது கைபோன போக்கல்ல, அந்த வாரத்தின் ஒழுங்கு. வாராவாரம் விதியைத் திருத்தச் சொல்கிறீர்களா?

கட்டம்கட்டி:
உங்களுக்கு வேண்டியது வேறு: 'இது நேற்றைய அதே சாளரம்' என்று கம்போசிட்டர் அடையாளம் காணவேண்டும். எக்ஸ்11-இல் அமர்வு மேலாளர் நிரலுக்கு ஓர் அடையாள எண் கொடுத்தது. சாளர மேலாளர் இடத்தை அந்த எண்ணோடு சேர்த்து வைத்துக்கொண்டது. வேலண்டுக்கும் அப்படியொரு நெறிமுறை பல ஆண்டுகள் விவாதத்தில் இருந்தது. நெறிமுறை மட்டும் போதாது. ஒவ்வொரு நிரலும் தன் ஒவ்வொரு சாளரத்துக்கும் மாறாத பெயர் சொல்லவேண்டும். 1994-இல் ஒத்துழைக்காத நிரல்களின் வாரிசுகள் இப்போது ஒத்துழைக்குமா என்பதில் எனக்கும் சந்தேகம்தான். நிரல்கள் தங்கள் சாளரங்களை அமைக்கப் பயன்படுத்தும் கருவித்தொகுப்புகளே அதைச் செய்துகொடுத்தால் உண்டு.

நாற்பதுவரி:
தலைப்புப் பட்டைச் சரிவு என் ஸ்கிரிப்டிலும் இருக்கிறது. இத்தனை நாள் மானிட்டரைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

இரட்டைத்திரை:
அகராதி, அஞ்சல், இரண்டு டெர்மினல்கள் ஆகிய நான்குக்கும் இன்று விதி எழுதிவிட்டேன். இருமுறை மறுதொடக்கம் செய்து பார்த்தேன், நான்கும் இடத்துக்கு வந்தன. மூலக் கோப்பையும் லிப்ரே ஆபிஸையும் கையால்தான் வைக்கிறேன். இந்த இரண்டையும் கடமைக் கணக்கில்தான் எழுதிவைத்திருக்கிறேன், வெறும்பலகை; விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

வெறும்பலகை:
எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சாளரத்துக்குள் காபி ஆறாது.