பெரிய கோப்புகளை ஜாவாவே அனுப்பட்டுமா, என்ஜின்எக்ஸிடம் விட்டுவிடலாமா?

மழைக்காலம்: லாகின் செய்தவர்கள் மட்டும் இறக்கிக்கொள்ள வேண்டிய பாட வீடியோக்கள், சில 3 ஜிபி வரை. ஜாவாவில் ஸ்பிரிங் பூட் வைத்து எழுதியது, டாம்கேட் சர்வரில் ஓடுகிறது, முன்னால் கோரிக்கைகளை முதலில் வாங்கும் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ். கோப்பு முழுவதையும் மெமரிக்குள் படிக்கும் ஃபைல்ஸ்.ரீட்ஆல்பைட்ஸ் வைத்து அனுப்புகிறோம். பெரிய கோப்பு என்றால் அவுட்ஆஃப்மெமரி. ஹீப்பை (ஜாவாவுக்கு ஒதுக்கிய மெமரி) ஏற்றியும் பலனில்லை.

பழைய சர்வ்லெட்: இருக்காது. ஜாவாவில் அரேயின் நீளம் இன்ட் (32 பிட் முழு எண்), 2 ஜிபியோடு கதை முடிந்தது. ஃபைல்ஸ்.காப்பியிடம் ரெஸ்பான்ஸின் அவுட்புட்ஸ்ட்ரீமைக் கொடுங்கள். சில கேபி பஃபரிலேயே (தற்காலிக இடம்) துண்டுதுண்டாக வேலை நடக்கும். கோப்பின் அளவைச் சொல்லும் செட்கன்டென்ட்லெங்த்தும் இன்ட்தான் வாங்கும், அதனால் சர்வ்லெட் 3.1இல் வந்த செட்கன்டென்ட்லெங்த்லாங். அவ்வளவுதான்.

நடுநிசி: மெமரி சரி அண்ணே, த்ரெட் (ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் வேலையாள் மாதிரி)? டாம்கேட்டின் மேக்ஸ்த்ரெட்ஸ், நாம் மாற்றாவிட்டால் 200. பஸ்ஸில் போகிறவர் மொபைலில் 3 ஜிபி இழுத்தால், முடியும்வரை ஒரு த்ரெட் அவருக்கே. தேர்வுக்கு முந்தின நாள் 200 பேர் சேர்ந்து இழுத்தால் லாகின் பக்கம்கூடத் திறக்காது. ஜாவா அனுமதியை மட்டும் பார்க்கட்டும். எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட் ஹெடரில் பாதையைப் போட்டு வெறும் ரெஸ்பான்ஸ் அனுப்பினால் மீதியை என்ஜின்எக்ஸ் பார்த்துக்கொள்ளும். என்ஜின்எக்ஸ் அமைப்பில் அந்தப் பாதைக்கான லொக்கேஷனில் இன்டர்னல் என்று எழுதிவிட்டால், முகவரி தெரிந்தவருக்கும் 404தான்.

பழைய சர்வ்லெட்: தம்பி, முன்னால்தான் என்ஜின்எக்ஸ் இருக்கிறதே, அதுவே பஃபர் செய்து த்ரெட்டை விடுவித்துவிடும். போதாதென்றால் ஜாவா 21இல் ஆயிரக்கணக்கில் உருவாக்கக்கூடிய இலகுவான விர்ச்சுவல் த்ரெட் இருக்கிறது. உங்கள் வழியில் போனால், என்ஜின்எக்ஸ் இல்லாத லேப்டாப்பில் டெஸ்ட் செய்கிறவருக்குக் காலிக் கோப்புதான் இறங்கும்.

நடுநிசி: என்ஜின்எக்ஸ் பஃபருக்காக டிஸ்க்கில் எழுதும் அளவின் வரம்பு, ப்ராக்ஸி_மேக்ஸ்_டெம்ப்_ஃபைல்_சைஸ், பார்த்திருக்கிறீர்களா? இயல்பாக 1024 எம்பி. முதல் 1 ஜிபியை வேகமாக வாங்கி டிஸ்க்கில் எழுதும், அப்புறம் அந்த பஸ் பயணியின் வேகம்தான். டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் கோப்பை இன்னொரு முறை டிஸ்க்கிலேயே எழுதுவது என்ன நியாயம்? பாதியில் அறுந்தால் உங்கள் ஃபைல்ஸ்.காப்பி முதலிலிருந்து ஆரம்பிக்கும். என்ஜின்எக்ஸ் 206 (ஒரு பகுதி மட்டும் என்ற பதில்) கொடுத்து, விட்ட இடத்திலிருந்து தரும். லேப்டாப் விஷயம் உண்மைதான், டெவ் ப்ரொஃபைலுக்கு (லேப்டாப்பில் ஓட்டும்போது உள்ள அமைப்பு) நாலு வரி தனியாக எழுத வேண்டும்.

பழைய சர்வ்லெட்: 206க்கு என்ஜின்எக்ஸ் எதற்கு? கண்ட்ரோலரில் ஃபைல்சிஸ்டம்ரிசோர்ஸைத் திருப்பினால் ஸ்பிரிங்கே ரேஞ்ச் (எந்தப் பகுதி வேண்டும் என்று கேட்கும் ஹெடர்) பார்த்து அனுப்பும்.

கோடாங்கி: நீங்கள் சண்டையைத் தொடருங்கள். கேட்டவருக்கு: கோப்பின் பெயரை யுஆர்எல்லிலிருந்து அப்படியே எடுத்துப் பாதையில் ஒட்டாதீர்கள், ../ (மேல் ஃபோல்டருக்குப் போகும் குறி) போட்டு எதையும் இழுத்துவிடுவார்கள். ஐடி வாங்கி டேட்டாபேஸில் பாதையைத் தேடுங்கள். தமிழ்ப் பெயர் என்றால் கோப்பு இறங்கும் பெயரைச் சொல்லும் கன்டென்ட்-டிஸ்போசிஷன் ஹெடரில் நட்சத்திரம் போட்ட ஃபைல்நேமும் (filename*) வேண்டும். இல்லாவிட்டால் "பாடம் 4" கேள்விக்குறிகளாக இறங்கும்.

மழைக்காலம்: ஐடி வைத்துத்தான் எடுக்கிறோம். ஒரு சந்தேகம்: எங்கள் என்ஜின்எக்ஸ் வேறு சர்வரில் இருக்கிறது, கோப்புகள் டாம்கேட் ஓடும் சர்வரில். அப்போதும் அந்த ஹெடர் வேலை செய்யுமா?

பழைய சர்வ்லெட்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! கோப்பு என்ஜின்எக்ஸின் கைக்கு எட்டாது. ஸ்ட்ரீம்தான்.

நடுநிசி: அந்த ஃபோல்டரை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) மூலம் மவுண்ட் செய்தால் எட்டும். ரீட்-ஒன்லியாகப் போடுங்கள்.

பழைய சர்வ்லெட்: மவுண்ட் தொங்கினால் நள்ளிரவில் யார் எழுந்து பார்ப்பது, நீங்களா?