குதிரைக்கு எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது: லாயத்து அனுபவங்கள்

வியாசர்பாடியிலிருந்து:
கல்யாணம், சாமி ஊர்வலம் முடிந்த கையோடு குதிரையின் கழுத்து மாலையைக் கழற்றிவிடுங்கள். அதில் அரளிப்பூ இருக்கலாம். வேர் முதல் பூ வரை முழுச் செடியும் நஞ்சு. 300 கிலோ குதிரைக்குக் காய்ந்த இலை 15 கிராம் போனாலே உயிர் போகலாம். பச்சையில் கசப்பதால் குதிரை ஒதுக்கும். வாடினால் கசப்பு தெரியாமல் தின்றுவிடும், நஞ்சு மட்டும் அப்படியே இருக்கும். சாலை நடுவே வளர்ந்த அரளியை வெட்டிப் போட்ட இடத்தில் அறுத்த புல்லையும் தொடாதீர்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. அரளி தின்ற குதிரை வியர்க்கும், வயிற்றைத் திரும்பிப் பார்க்கும், கழியும். சாதாரண வயிற்றுவலி என்று நினைத்து நடக்க விடுவார்கள். அதுதான் கொல்லும், ஏனென்றால் அடிபட்டிருப்பது இதயம். நின்ற இடத்திலேயே நிற்க விடுங்கள். தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி எண்ணுங்கள். நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை சரி. விட்டுவிட்டுத் துடித்தால் உடனே டாக்டர் வேண்டும். மோர், எண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கரித்தூள் கொடுப்பார், கிலோ எடைக்கு 1 முதல் 2 கிராம். தின்ற இலையையும் கையோடு காட்டுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கம்தான்.

திருவொற்றியூரிலிருந்து:
புண்ணாக்கு வாங்கும்போது கவனம். செடிக்கு உரமாக விற்கும் ஆமணக்குப் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு மூட்டையோடு கலந்துவிடக்கூடாது. ஆமணக்கு நஞ்சைத் தாங்கும் சக்தி மற்ற கால்நடைகளைவிடக் குதிரைக்குக் குறைவு. சவுண்டல் (சூபாபுல்) தழையை ஆடு மாடு தின்கிறதே என்று போட்டால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். பக்கிங்காம் கால்வாய் ஓரத்து நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாது.

மாதவரத்திலிருந்து:
அருகம்புல், ஊறவைத்த கொள்ளு, குதிரைமசால் (லூசர்ன் தீவனம்) பயமில்லை. கம்பு நேப்பியர் புல்லை மட்டுமே மாதக்கணக்கில் போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். முகத்தெலும்பு வீங்கும், கால் மாற்றி மாற்றி நொண்டும். குதிரைமசால் கலந்து போடுங்கள். மெலிந்துவிட்டதென்று தவிட்டைக் கூட்டாதீர்கள், தவிட்டின் பாஸ்பரஸ் எலும்பை இன்னும் அரிக்கும்.