பழைய ஓட்டாரி ஸ்பூல் மெஷின் வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணாச்சிமாரே, ஸ்பூல் டேப் (கேசட் இல்லாமல் திறந்த சுருளில் ஓடும் டேப்) பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். அப்பா சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களில் பதிவு செய்த வில்லுப்பாட்டு டேப்புகள் ஒரு பெட்டி நிறைய பாளையங்கோட்டை வீட்டில் இருக்கின்றன. பாடியவர்களில் பலர் இப்போது இல்லை, வேறு பிரதியும் கிடையாது. எல்லாம் 7 அங்குல ஸ்பூல், வேகம் விநாடிக்கு 3¾ அங்குலம், குவார்ட்டர் டிராக் (டேப்பின் அகலத்தில் நான்கு தடம், பக்கத்துக்கு இரண்டு), இரண்டு பக்கமும் பதிவு. இப்போதுள்ள அக்காய் 4000டிஎஸ் மெஷினில் பாட்டு வருகிறது, ஆனால் ஹெட் (டேப்பைப் படிக்கும் பாகம்) தேய்ந்துபோனதால் உடுக்கை மங்கலாகக் கேட்கிறது, வில்லில் அடிக்கும் வீசுகோலின் மணிச் சத்தம் சுத்தமாகவே இல்லை.

சென்னையில் ஒருவர் ஸ்டுடியோவில் ஓடிய ஓட்டாரி எம்எக்ஸ்5050 தருகிறேன் என்கிறார். எனக்கு ரொம்ப ஆசை. தயக்கம் என்னவென்றால், ஸ்டுடியோ மெஷின்கள் பெரும்பாலும் ஹாஃப் டிராக் (டேப்பின் முழு அகலத்தையும் இரண்டே தடமாகப் படிப்பவை), அதில் என் டேப்பைப் போட்டால் மறுபக்கத்துப் பாட்டும் தலைகீழாகச் சேர்ந்து ஒலிக்கும், அதோடு பலவற்றில் 7½, 15 வேகங்கள் மட்டும்தான். குவார்ட்டர் டிராக்குக்குத் தனியாக ஒரு பிளேபேக் ஹெட் வைத்த மாடலும் உண்டு. இவர் அனுப்பிய போட்டோவில் அதை எப்படி அடையாளம் காண்பது? நேரில் போனால் ஹெட், பிஞ்ச் ரோலர் (டேப்பை அழுத்தி ஓட்டும் ரப்பர் உருளை), மோட்டார் தவிர வேறு என்ன பார்க்க வேண்டும்?

இல்லை, அக்காய்க்கே நல்ல ஹெட் தேடி மாற்றுவதுதான் சரி என்றால் அதையும் சொல்லுங்கள். அப்புறம், நெல்லை, தூத்துக்குடி பக்கம் ஹெட் அலைன்மென்ட் (டேப்புக்குச் சரியாக ஹெட்டை நேர்படுத்துவது) செய்யத் தெரிந்த மெக்கானிக் யாராவது இருக்கிறாரா?