பெரிய கோயிலில் வரைய வரும் கேம் ஆர்ட்டிஸ்டுகளுக்கு: டெல்டா பட்டறை அனுபவங்கள்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் ஒரு நாள், கும்பகோணத்தை அடுத்த தாராசுரம் கோயிலில் ஒரு நாள் என்று உட்கார்ந்து, வீடியோ கேமுக்கான இடங்களையும் உருவங்களையும் முன்கூட்டியே வரைந்து பார்க்கும் கான்செப்ட் ஆர்ட் பட்டறைக்கு முதன்முறை வருகிறவர்கள், எதைக் கொண்டுவருவது, எங்கே உட்காருவது, எது கெட்டுப்போகும் என்று கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். விட்டுப்போனதை மற்றவர்கள் சேர்க்கட்டும்.

முதலில் வெயில். பெரிய கோயில் கிழக்குப் பார்த்த கோயில். விடிந்த ஒரு மணி நேரத்துக்கு வெளிச்சம் நேராக முகப்பில் விழும். போட்டோவுக்கு அது அழகு, வரைவதற்கு உதவாது. நேர்வெயிலில் புடைப்பும் பள்ளமும் ஒரே நிறமாகத் தட்டையாகிவிடும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் நிற்கும். அப்போது காலை எட்டரையிலிருந்து பத்து வரை தெற்குச் சுவரில் வெயில் சாய்ந்து உரசிக்கொண்டு போகும். ஒவ்வொரு கோட்டமும் (சிலை நிற்கும் மாடம்), சுவரோடு ஒட்டிய அரைத்தூணும், கூரை விளிம்பில் வளைந்திறங்கும் கொடுங்கையும் தன் நிழலைத் தானே வரைந்து காட்டுகிற நேரம் அது. அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பேச்சில் செலவழிக்காதீர்கள். சாயங்காலம் கோபுரத்துப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் கருவறைக்கு மேல் எழும் விமானம் முழுக்க நிழலுருவாக நிற்கும். சில்ஹவுட் பயிற்சிக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை.

செருப்பு வெளியே போய்விடும். பதினொரு மணிக்கு மேல் கல்தளம் காலைச் சுடும், மாசி கடந்துவிட்டால் இன்னும் மோசம். ஆகவே வெளியே வரைவதைப் பத்தரைக்குள் முடித்துக்கொண்டு, நடுப்பகலை அரண்மனைக் கலைக்கூடத்துச் சோழர் செப்புத் திருமேனிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஏ5 ஸ்கெட்ச் புக் போதும். ஏ4 மடியில் நிற்காது, காற்றில் படபடக்கும். வெளிர் சாம்பல், நடுச் சாம்பல் என்று இரண்டு மார்க்கர், ஒரு கறுப்பு பிரஷ் பேனா, 5 மீட்டர் டேப், இரண்டு லிட்டர் தண்ணீர். உள்ளங்கை வியர்வை தாளில் ஊறி மார்க்கர் பரவும் என்பதால் கைக்குக் கீழே ஒரு துணியோ தாளோ வையுங்கள். டேப்லெட்டை நம்பி வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளிச்சத்துக்காகத் திரையை முழுப் பிரகாசத்தில் வைத்தால் சாதனம் சூடாகி, தானே மங்கிக்கொள்ளும். அந்த மங்கிய திரையில் தேர்ந்தெடுத்த வேல்யூக்கள் (வெளிச்சம், இருட்டின் அளவுகள்) அறைக்கு வந்து பார்த்தால் எல்லாமே இரண்டு படி வெளுத்திருக்கும். டிரைபாட், டிரோன் இரண்டுக்கும் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். வாங்காமல் கொண்டுவந்தால் வாசலிலேயே நிற்கும்.

தொடங்குவது இப்படி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கட்டங்களாக இருபது தம்ப்நெயில் (சின்ன மாதிரிப் படம்), ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம். தாள் வெள்ளை, இரண்டு சாம்பல், ஒரு கறுப்பு, அவ்வளவுதான் நிறம். கண்ணை இடுக்கிப் பார்க்கும்போது மறைந்துபோகிற எதையும் இந்தக் கட்டத்தில் வரையக் கூடாது. இங்கேதான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். கண் நேரே சிற்பத்துக்குப் போகிறது, கை துவாரபாலகரின் விரல்களில் போய் மாட்டிக்கொள்கிறது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் விரல்கள் இருக்கும், சுவர் இருக்காது.

இரண்டாவது வழுக்கல், பக்கத்தில் உட்காருவது. விமானம் 216 அடி, ஏறக்குறைய 66 மீட்டர். பிராகாரத்தின் அகலம் சுமார் 120 மீட்டர்தான். தெற்கு மதிலோடு முதுகை ஒட்டிக்கொண்டாலும் உச்சியைப் பார்க்கக் கழுத்தை 45 டிகிரிக்கு மேல் தூக்க வேண்டும். போனின் மெயின் கேமரா 24 முதல் 26 மில்லிமீட்டர் வைடு. அதைத் தூக்கிப் பிடித்தால் செங்குத்துக் கோடுகள் உள்ளே சாயும். ஏற்கெனவே கூம்பி நிற்கிற கட்டடம் இன்னும் கூம்பி ஊசியாகிவிடும். தென்கிழக்கு மூலையிலிருந்து குறுக்காகப் பாருங்கள், போனை 2 எக்ஸ் ஜூமில் வையுங்கள். அடித்தளம் ஏறக்குறைய 30 மீட்டர் சதுரம். நேர்ப்பக்கத் தோற்றம் வரையும்போது ஒரு பங்கு அகலத்துக்கு இரண்டேகால் பங்கு உயரம் வருகிறதா என்று சரிபார்த்த பிறகே கோடு போடுங்கள். மூலையிலிருந்து பார்க்கும்போது இரண்டு பக்கமும் தெரிவதால் அகலம் கூடும், அந்த விகிதத்தை அங்கேயே பென்சிலை நீட்டி அளந்துகொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது. படத்தில் ஆள் இல்லை! ஏறக்குறைய 12 அடி உயர நந்தியை ஆள் இல்லாமல் வரைந்து கொடுத்தால், உங்கள் படத்தைப் பார்த்துக் கணினியில் முப்பரிமாண உரு செய்கிற, இங்கே வந்தே இராத மாடலர் அதை ஒரு மாட்டின் அளவுக்குச் செய்துவிடுவார். அவர்மேல் தப்பில்லை. ஒவ்வொரு தம்ப்நெயிலிலும் 180 செ.மீ. ஆள் ஒருவர் நிற்கட்டும், ஒரு கோடாக இருந்தாலும் போதும். படிகளை டேப்பால் அளந்து எண்ணை ஓரத்தில் எழுதுங்கள். அன்ரியல் என்ற கேம் எஞ்சினில் கேரக்டர் ஏறும் படி உயரம், மாற்றாவிட்டால், 45 செ.மீ. யூனிட்டி என்ற இன்னொரு எஞ்சினின் கேரக்டர் கன்ட்ரோலரில் 0.3 மீட்டர். 35 செ.மீ. உயரமுள்ள ஒரு பழைய கல்படி முதலாவதில் ஏறிவிடும், இரண்டாவதில் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த எண் மாடலருக்குக் கொடுக்கும் உங்கள் ஷீட்டில் இருந்தால், கேமில் நடமாடும் இடத்தை அமைக்கிற லெவல் டிசைனர் ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்துவார்.

*

மேலே அண்ணா சொன்ன அளவு விஷயத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் என்விரான்மென்ட் (கேமில் வரும் இடங்கள், கட்டடங்கள்) பக்கம். சோழர் விமானத்தைப் பார்த்து “இவ்வளவு வேலைப்பாட்டை எப்படி மாடல் செய்வது” என்று மலைக்கிறவர்கள் ஹாரத்தை, அதாவது ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் ஓடும் சிற்றுருக் கோயில்களின் வரிசையை, கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். மூலையில் சதுரமான கூடம். நடுவில் வண்டிக்கூண்டு போல நீண்ட சாலை. இரண்டுக்கும் இடையில் ஒடுங்கிய பஞ்சரம். தளத்துக்குத் தளம் திரும்பத் திரும்ப வருவது இந்த மூன்றுதான். சில துண்டுகளையே திரும்பத் திரும்பச் சேர்த்து முழுக் கட்டடம் ஆக்குவதை நாம் மாடுலர் கிட் என்கிறோம், அதைச் சிற்பிகள் கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஷீட்டை இப்படிப் பிரியுங்கள்: கூடம், சாலை, பஞ்சரம் மூன்றுக்கும் முன், பக்கத் தோற்றம். அப்புறம் சுவரோடு ஓடும் பட்டைகள். அதிஷ்டானம் என்ற அடித்தளத்தில் கீழிருந்து மேலாக உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை. கூரை விளிம்பில் பூதகணங்களின் வரிசையான பூதவரி, கூடுகளோடு (லாட வடிவ வளைவுகளோடு) கொடுங்கை, அதன் மேல் யாளிகளின் வரிசையான யாளிவரி. பட்டைகளுக்கு முன் தோற்றத்தைவிடக் குறுக்குவெட்டு முக்கியம். குமுதம் உருண்டையா, பட்டை தீட்டியதா என்பது குறுக்குவெட்டில்தான் தெரியும். மாடலர் அந்த ஒரு கோட்டை வைத்தே முழுச் சுற்றையும் இழுத்துவிடுவார்.

எல்லாத் தளத்துக்கும் ஒரே அளவு கூடத்தை அடுக்கினால் கெட்டது. உண்மையில் மேலே போகப்போக அவை சிறுத்துக்கொண்டே போகின்றன, கோயில் இருப்பதைவிட உயரமாகத் தெரிவது அதனாலும்தான். எண்ணிக்கையை மட்டும் குறைத்து அளவை அப்படியே விட்டால் விமானம் அடுக்கி வைத்த அட்டைப்பெட்டி மாதிரி இருக்கும். தஞ்சாவூரில் 13 தளம், விளிம்புக்கோடு கிட்டத்தட்ட நேர்கோடு. கங்கைகொண்ட சோழபுரத்தில் அதே கோடு உள்பக்கமாக வளைந்து ஏறும். இரண்டையும் அடுத்தடுத்து வெறும் கறுப்பில் வரைந்து பாருங்கள். அப்பனும் மகனும் கட்டியவை, ஒரே வகைக் கட்டடம், ஆனால் வேறு வேறு குணம்.

இப்போது போதிகை. தூணின் தலையில், உத்தரத்தைத் தாங்கும் கட்டை. 11-ஆம் நூற்றாண்டு லெவல் என்று சொல்லிவிட்டுப் பெரிய கோயில் சுப்பிரமணியர் சன்னதித் தூணைக் கொண்டுபோய் வைப்பது மிகப் பரவலான பிழை. அந்தச் சன்னதி நாயக்கர் காலம். வேலைப்பாடு அவ்வளவு நுணுக்கம் என்பதால் எல்லோரும் அங்கேதான் உட்காருகிறார்கள், ரெஃபரன்ஸ் போர்டும் (பார்த்து வரைய ஒட்டி வைக்கும் படத்தொகுப்பு) அதிலேயே நிறைந்துவிடுகிறது. அம்மன் சன்னதியும் நந்தி மண்டபமும்கூடப் பிற்காலத்தவைதான். அடையாளம் எளிது. முற்றிய சோழர் போதிகை சாய்வாக வெட்டி, நடுவில் ஒரு நாக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும். நாயக்கர் போதிகையில் மொட்டு கீழ்நோக்கித் தொங்கும். ஒரே பிராகாரத்துக்குள் 600 ஆண்டு இடைவெளி இருக்கிறது. போர்டில் ஒவ்வொரு படத்தின் கீழும் எந்தக் கட்டடம், யார் காலம் என்று இரண்டு சொல் எழுதாமல் ஒட்டாதீர்கள்.

கல்வெட்டும் அப்படியே. சோழர் காலச் சுவரில் இன்றைய கணினி எழுத்துருவைப் பதித்தால் தமிழ் படிக்கத் தெரிந்த எவருக்கும் உடனே உறுத்தும். எழுத்து வடிவமே வேறு, புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. அடிச்சுவரிலிருந்து பார்த்து வரையுங்கள். வரிக்கு வரி இடைவெளியும் எழுத்து உயரமும் குறித்துக்கொண்டால் டெக்ஸ்சர் (உருவின் மேற்பரப்புத் தோற்றம்) செய்கிறவருக்கு அதுவே போதும்.

*

கேரக்டர் ஆர்ட்டிஸ்டுகளுக்கு ஒரு கணக்கு. செப்புத் திருமேனி வரையும்போது வருஷா வருஷம் இதே தவறு வருகிறது.

சிற்ப சாஸ்திரத்தில் உருவத்துக்குச் சொல்லும் ஓர் அளவு நவதாளம். “நவதாளம் என்றால் ஒன்பது தலை உயரம்” என்று எடுத்துக்கொள்கிறார்கள். தாளம் என்பது தலை இல்லை, முகம். நெற்றி மயிர்க்கோட்டிலிருந்து முகவாய் வரை. அது 12 அங்குலம். இந்த அங்குலம் ஸ்கேல் அங்குலம் அல்ல, அந்தச் சிலைக்குள்ளேயே பிரித்துக்கொள்ளும் பங்கு. நவதாளத்தில் மொத்தம் 108: முகம் 12, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு 12, மார்பிலிருந்து தொப்புள் 12, அங்கிருந்து இடுப்படி 12, தொடை 24, முழங்கால் 4, கணைக்கால் 24, பாதம் 4. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். மயிர்க்கோட்டுக்கு மேல் உச்சி வரை இன்னும் மூன்று நான்கு அங்குலம் இதற்கு வெளியே இருக்கிறது. அப்படியானால் முழுத் தலை 15, 16 அங்குலம், முழு உருவம் 112-க்குள். வகுத்தால் ஏறக்குறைய ஏழு தலை!

ஒன்பது தலை என்று நினைத்துப் போட்டால் தலை சுண்டிப்போய், கால் நீண்டு, ஃபேஷன் ஸ்கெட்ச் மாதிரி ஆகிறது. அப்புறம் “ஏன் சோழர் சிலை மாதிரி இல்லை” என்று ஆபரணத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஆபரணம் அதைச் சரிசெய்யாது.

சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் தென்னை ஓலைக் கீற்றைச் சிலையின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்துப் பங்கு குறிக்கிறார்கள். நாமும் ஒரு தாள் துண்டில் அதையே செய்யலாம். நீங்கள் வரையப்போகும் உருவத்தின் உயரத்துக்கு, மயிர்க்கோட்டிலிருந்து பாதம் வரை, துண்டை வெட்டுங்கள். மூன்றாக மடித்து மறுபடி மூன்றாக மடித்தால் ஒன்பது தாளம். ஒரு தாளத்தை மூன்றாக மடித்தால் நான்கு அங்குலம், அதுதான் கழுத்து, முழங்கால், பாதம். திரிபங்கமாக, அதாவது உடல் மூன்று இடத்தில் வளைந்து நிற்கிற உருவத்துக்குத் துண்டை நேராக வைக்கக் கூடாது. உடலின் நடுக்கோட்டோடு வளைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பு கீழே இறங்கிவிடும்.

பட்டறையில் ஸ்தபதி வீட்டுக்குக் கூட்டிப்போனால் மெழுகு உருவைத்தான் அதிகம் பாருங்கள். தேன்மெழுகும் குங்கிலியம் என்ற மரப்பிசினும் எண்ணெயும் கலந்தது. கை வைத்த தடம் அதில் அப்படியே தெரியும். அதன் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில்தான் உலோகத்தை ஊற்றுவார்கள். காவிரி வண்டல் மண்ணை முதல் பூச்சாக மெல்லிசாகப் பூசுவது அந்தத் தடம்கூட உலோகத்தில் இறங்க வேண்டும் என்றுதான். ஜிபிரஷ் என்ற மென்பொருளில் உருவத்தை ஸ்கல்ப்ட் செய்யும்போது எந்த விளிம்பு கூர்மை, எந்த விளிம்பு மழுக்கல் என்பதற்கு அதைவிட நல்ல ரெஃபரன்ஸ் கிடைக்காது. மெழுகைக் கேட்காமல் தொடாதீர்கள், உள்ளங்கைச் சூட்டுக்கே அது இளகும்.

*

டெக்ஸ்சர் எடுக்க, அதாவது பல படங்களை மென்பொருளில் சேர்த்து முப்பரிமாண மேற்பரப்பாக ஸ்கேன் செய்ய வருகிறவர்களுக்குச் சுருக்கமாக. மேகம் மூடிய காலை சிறந்தது. எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிடுங்கள். படத்துக்குப் படம் 70 சதவீதம் மேற்படிய வேண்டும், மூன்று உயரத்தில் மூன்று சுற்று. எண்ணெய்ப் பிசுக்கேறிய கல்லை ஸ்கேன் செய்ய முயல வேண்டாம். பளபளப்பு கேமராவோடு நகரும், மென்பொருள் அதை உருவம் என்று நம்பி மேற்பரப்பில் குழி போடும்.

தாராசுரம் பற்றி யாரும் சொல்லவில்லை. தேர் மண்டபத்தின் சக்கரத்தையும் குதிரையையும் எல்லோரும் நேர்ப்பக்கமாக வரைகிறார்கள். அரைவட்டம் நடந்து சக்கரம் சுவரிலிருந்து எவ்வளவு வெளியே நிற்கிறது என்று பக்கவாட்டில் ஒரு படம் போடுங்கள், மாடலருக்கு வேண்டியது அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் முன்பக்கப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், அடிப்பகுதி அளவு கிடைக்காது.

கோயிலை மட்டும் வரைந்துவிட்டுப் பேக்ரவுண்டுக்கு ஏதோ ஒரு பச்சையைத் தீட்டுகிறவர்கள் நிறைய. டெல்டாவில் மலை கிடையாது. அடிவானம் ஒரு கோடு, அதன் மேல் தென்னையும் பனையும் வாய்க்கால் கரையும். கரை மேல் ஏறி நின்றால் ஆறடி உயரமே ஊரைத் திறந்து காட்டும். பார்வைக்கோட்டைக் கரை மட்டத்தில் வைத்து, வானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுங்கள். ஆழத்தை ஈரக்காற்று கொடுக்கும்: தூரத்துத் தென்னந்தோப்பு நீலமாக இல்லாமல் வெளிறிய சாம்பல் பச்சையாக இருக்கும்.

மாதத்தை முடிவு செய்யாமல் நிறம் எடுக்காதீர்கள். மேட்டூர் திறப்பு வழக்கப்படி ஜூன் 12. மே மாதத்துக் காவிரி மணலும் நாணலும்தான், அதில் தண்ணீரை வரைந்தால் இந்த ஊர்ப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். நடவு முடிந்த வயல் கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டும், பச்சை மேலே ஒரு கீறல்தான். தை பிறக்கும்போது சம்பா முற்றி வயல் பழுப்புப் பொன்னாகும், வரப்பு மட்டும் பச்சையாக நிற்கும். அன்றன்று பார்த்த வயல், வானம், நிழலில் உள்ள கல், வெயிலில் உள்ள கல் என்று நான்கு நிறப்பட்டையை ஸ்கெட்ச் புக்கின் ஓரத்தில் கவாஷில் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) தீட்டி, தேதியும் மணியும் எழுதி வையுங்கள். ஈரப்பதத்தில் அது காயக் கால் மணி நேரமாவது ஆகும், அதற்குள் புத்தகத்தை மூடினால் எதிர்ப்பக்கமும் போய்விடும்.