கொத்துப்பட்ட கோழியைத் தனியே வைத்ததும் மீண்டும் கூட்டத்தில் சேர்த்ததும்: எங்கள் அனுபவங்கள்

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து

எங்கள் தோட்டத்து வீட்டில் ஒன்பது பெட்டைக்கோழிகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. சென்ற ஐப்பசியில் விடாமல் மழை பெய்ததால் நான்கு நாள்கள் அவற்றை மேயவிட முடியாமல் கூட்டிலேயே அடைத்து வைத்திருந்தோம். ஐந்தாம் நாள் காலை திறந்துவிட்டபோது எல்லாம் ஓடிவர, சிவலைப் பெட்டை மட்டும் மூலையில் தலையைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. தூக்கிப் பார்த்தேன். வாலின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு இறகே இல்லை. நடுவில் கட்டைவிரல் அளவுக்குத் தோல் பிய்ந்து சதை தெரிந்தது. புதிதாக முளைத்து வந்த இறகுக் குருத்துகளையும் கொத்தி உடைத்திருந்ததால் அவற்றிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

காயத்தைவிட என்னை அதிகம் கலங்க வைத்தது அதன் எடை. நெஞ்சைத் தடவியபோது நடு எலும்பு கத்தியின் விளிம்பைப்போல விரலில் பட்டது. நான்கு நாள் பட்டினியில் ஒரு கோழி அப்படி இளைத்துவிடாது. மழைக்கு முன்பிருந்தே மற்றவை அதைத் தீவனத் தட்டை நெருங்க விடவில்லை என்பதும், நான் தினமும் இரை போட்டும் அதைக் கவனிக்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கத்தை வைத்திருக்கிறேன். அடையும் நேரத்தில் ஒவ்வொரு கோழியின் கழுத்தடியிலும் கை வைத்து இரைப்பையைப் பார்க்கிறேன். மாலையில் அது நிறைந்தும், விடியும்போது காலியாகியும் இருக்க வேண்டும். மாலையில் தட்டையாக இருந்தால் அந்தக் கோழி பசியோடு அடைகிறது. காலையிலும் கல்லாக இறுகியிருந்தால் உள்ளே எதுவோ அடைத்திருக்கிறது.

காயத்தைக் காய்ச்சி ஆறவைத்த உப்புநீரால் கழுவி, வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினேன். கோழிகளின் கண்ணைச் சிவப்பு நிறம் இழுக்கிறது. ரத்தம் தெரிந்தால், அதுவரை சும்மா இருந்தவையும் வந்து கொத்தும். மஞ்சள் அந்தச் சிவப்பை மறைக்கிறது. ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடாமல் காலையும் மாலையும் இறகை விலக்கிப் பார்த்து வந்தேன்.

இதுவரை செய்தது சரி. அடுத்துச் செய்தது தவறு. அதற்கு அமைதி வேண்டும் என்று எண்ணி, மற்ற கோழிகளின் சத்தமே எட்டாத பின்கட்டு அறையில் பன்னிரண்டு நாள்கள் வைத்திருந்தேன். காயம் நன்றாக ஆறியது, உடம்பும் தேறியது. ஒரு நாள் நண்பகலில் மகிழ்ச்சியோடு கொண்டுபோய் முற்றத்தில் விட்டபோது, ஊருக்குப் புதிதாக வந்த கோழியைப் பார்ப்பதுபோல எல்லாம் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தன. முன்பு அதனோடு ஒரே கம்பில் இறக்கை உரசி உறங்கிய கருப்பிகூட அவற்றோடு சேர்ந்துகொண்டது. நான் ஓடிப்போய் எடுப்பதற்குள் பழைய காயம் திறந்துவிட்டது.

கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டைச் சேர்ந்த தோர்லீஃப் ஷெல்டரப்-எப்பே என்பவர் சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கூர்ந்து பார்த்து வந்து, 1920களின் தொடக்கத்தில் அதைப் பற்றி எழுதினார். எந்தக் கோழி எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அவை ஒன்றையொன்று முகம் பார்த்தே நினைவில் வைத்திருக்கின்றன. பல நாள்கள் கண்ணில் படாத கோழி தன் இடத்தை இழந்துவிடுகிறது. திரும்பி வரும்போது எல்லாவற்றோடும் புதிதாகச் சண்டையிட்டே இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. இளைத்துத் தேறிய கோழியால் அது முடியுமா?

ஆகவே இரண்டாம் முறை முற்றத்தின் நடுவிலேயே, முருங்கை நிழலில், பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் விட்டேன். மூங்கில் சட்டங்களின் இடுக்கில் அலகை நீட்டிக் கொத்துவதை முதல் நாளே பார்த்ததால், பழைய சேலையை அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குச் சுற்றிக் கட்டினேன். அதற்கு மேலே தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள முடிந்தது. இரையைப் பஞ்சாரத்துக்கு உள்ளேயும் வெளியே அதை ஒட்டியும் ஒரே நேரத்தில் போட்டேன். முதலில் பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து அதட்டியவை, ஆறாம் நாள் வாக்கில் அதைப் பொருட்படுத்தாமல் மேயத் தொடங்கின.

வெளியே விடுவதற்கு மூன்று நாள் முன்னதாக இன்னொன்றும் செய்தேன். அதிகமாக விரட்டிய பெரிய பெட்டையைப் பிடித்து வீட்டின் மறுபுறம் தனியே அடைத்தேன். காயம்பட்டதைத்தான் விலக்கி வைக்க வேண்டும் என்பதில்லை, கொத்துவதையும் விலக்கி வைக்கலாம். அது திரும்பும்போது அதற்கும் பழைய அதிகாரம் இருப்பதில்லை. பிறகு அடையும் நேரத்துக்குச் சற்று முன்பாகச் சிவலையைத் திறந்துவிட்டேன். தீவனத் தட்டுகளை ஒன்றுக்கு மூன்றாகத் தள்ளித் தள்ளி வைத்தேன். விரட்டினால் மறைந்துகொள்ள ஏதுவாக இரண்டு இடங்களில் தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்தேன். ஓரிரு கொத்துகள் விழுந்தன, ரத்தம் வரவில்லை.

பண்ருட்டியிலிருந்து

ஐயா எழுதியது கொத்துப்பட்ட கோழிக்கு முழுவதும் பொருந்தும். ஆனால் கண் முன்னேயே வைக்க வேண்டும் என்பதை நோய்வாய்ப்பட்ட கோழிக்கும் யாரும் பொருத்திப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இறக்கையைத் தொங்கவிட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிய ஒரு கோழியைக் காயம்பட்டது என்று தவறாக நினைத்து, நாங்களும் முற்றத்திலேயே பஞ்சாரத்தில் வைத்திருந்தோம். அது வெள்ளைக்கழிச்சல். ஒரே வாரத்தில் பதினான்கு உருப்படிகள் போயின.

சோர்ந்து நிற்கும் கோழியை மற்றவை கொத்துவது இயல்பு என்பதால், காயம் முதலில் வந்ததா நோய் முதலில் வந்ததா என்பதை எச்சத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஐயம் இருந்தால் தொலைவில் வையுங்கள். நலமாக உள்ளவற்றுக்கு முதலில் இரை போட்டுவிட்டு, நோயுற்றதைக் கடைசியில் கவனித்து, கைகால் கழுவுங்கள். நோய் வந்த கோழிக்குத் தடுப்பூசி பயன்தராது. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் வராமல் தடுக்கக் கண்ணில் விடும் லசோட்டா சொட்டு மருந்தையும், எட்டாம் வாரத்து ஊசியையும் நாங்கள் இப்போது தவறவிடுவதில்லை. நாள்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவிடுகிறோம்.

மேலூரிலிருந்து

என் விடைக்கோழிக்குக் காயத்தின் பின்னால் அம்மை வந்தது. அம்மைக் கிருமி கொசுக்கடி வழியாகப் பரவுவதைப் போலவே, கொத்துப்பட்ட புண் வழியாகவும் நுழையும் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். கொண்டையிலும் அலகோரத்திலும் மிளகளவு கொப்புளங்கள் எழுந்து, கருத்துப் பொருக்கானபோது இரண்டு இமைகளும் ஒட்டிக்கொண்டன. அம்மைக்கு நேரான மருந்து கிடையாது. மூன்று நான்கு வாரங்களில் தானாகவே இறங்கும். ஆனால் கண் தெரியாத கோழி நிறைந்த தட்டின் அருகிலேயே பட்டினியால் செத்துப்போகும் என்று அவர் எச்சரித்ததை நான் மறக்கவில்லை.

மற்றவற்றுக்குத் தொற்றாமல் இருக்க அதைக் கொசுவலைக்குள் வைத்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் இமைகளை ஊறவைத்தேன். பொருக்கைப் பிய்க்கவில்லை, பிய்த்தால் ரத்தம் வரும், பொருக்கு விழும் இடமெல்லாம் கிருமியும் விழும். கம்பு மாவையும் வேகவைத்த முட்டையையும் பிசைந்து உருட்டி, நாளுக்கு நான்கு முறை அலகைத் திறந்து ஊட்டினேன். தண்ணீரை அலகின் ஓரத்தில் சொட்டாக விட்டேன். நடுவில் ஊற்றினால் புரையேறும். இரண்டாம் வாரம் ஊட்டப் போகும்போது, என் காலடிச் சத்தத்துக்கே மெல்லக் கொக்கரித்துக்கொண்டு கழுத்தை நீட்டியது.

பொருக்குகள் எல்லாம் உதிர்ந்த பிறகு, ஒட்டன்சத்திரத்து ஐயா சொன்ன முறையிலேயே பஞ்சாரத்தில் வைத்துக் கூட்டத்தோடு சேர்த்தேன். வலக்கண்ணில் பார்வை திரும்பவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வரும் கோழி அதற்குத் தெரியாது என்பதால், அதன் தட்டைச் சுவரோரம், வலப்புறம் சுவரையொட்டி நிற்கும்படி வைக்கிறேன். இரை போட்டதும் அது தானாகவே அந்த இடத்துக்குப் போய் நின்றுகொள்கிறது. நேற்றுதான் தன் முதல் முட்டையை இட்டது.