போட்டோ எடுத்தால் ஜிபிஎஸ் ஆப் மூடிக்கொள்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே. பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கிறோம். கடலில் போனில் ஜிபிஎஸ் ஆப் ஓடும். நடுவே மீனை ஒரு போட்டோ எடுத்தால் போதும், ஆப் முதலிலிருந்து தொடங்குகிறது. வந்த தடம் பாதியில் அறுந்து கிடக்கிறது.

3 ஜிபி ரேம், ஆண்ட்ராய்டு 12. மெமரி பற்றாவிட்டால் பின்னால் இருக்கும் ஆப்பை மூடிவிடும், தெரியும். சரி, வாட்ஸ்அப்பை மூடட்டுமே! எல்லைக்கோட்டுப் பக்கம் நிற்கும்போது ஜிபிஎஸ்ஸையா மூடுவது? எதை மூடக்கூடாது என்று போனை வைத்திருப்பவன்தானே சொல்ல வேண்டும்.

பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன், லொகேஷனை 'எப்போதும்' என்று வைத்தேன். இப்போது திரை அணைந்தாலும் ஓடுகிறது; கேமரா திறந்தால்தான் போய்விடுகிறது. மேலே நிலையாக அறிவிப்பு காட்டும் ஆப்பை ஆண்ட்ராய்டு சீக்கிரம் மூடாதாமே? நெட் இல்லாமலும் ஓடுகிற அப்படி ஒன்று யாராவது வைத்திருக்கிறீர்களா? புது போன் வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.